நாஷ்டா அம்மாவுக்கு வைத்த கல்

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கம் போகிற வழியில், எங்கள் கூட்டுரோட்டில், சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு கருங்கல் நிற்கிறது. என் தோள் உயரம் இருக்கும். பளபளவென்று பாலிஷ் போட்டு, மேலே ஒரு பெண்ணின் முகத்தைப் பொளிந்து, கீழே தங்க எழுத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். பொதுநலக் கொடையாளர், அறச்செல்வி, ஏழை எளியோரின் தாய் என்று அடைமொழிக்குக் குறைச்சலே இல்லை. அந்த அம்மா என்ன கொடுத்தார் என்பதை மட்டும் எழுதவில்லை. கூச்சப்பட்டார்கள். எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது, நான் சொல்கிறேன். அவர் எங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்தார்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். முதலில் சிரிப்பது ஆம்பளைகளாகத்தான் இருக்கும். அவர்களுக்கு என்ன, ஊர் முழுக்கச் சுவர் இருக்கிறது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தொழிற்பேட்டையில் ஒரு வயர் கம்பெனியில் வேலை. காருக்குள் ஓடுகிற வயர்களை நிறம் பார்த்துச் சேர்த்து, டேப் சுற்றி, முனையில் கிளிப் மாட்ட வேண்டும். எங்கள் ஊரில் அதுவரை பெண்கள் நாற்று நட்டார்கள், களை எடுத்தார்கள். யூனிபார்ம் போட்டுக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பிய முதல் கூட்டம் நாங்கள்தான். சுடிதாருக்கு மேல் அந்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு வரப்பில் நடக்கும்போது எனக்கு இருந்த திமிர் இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவைகூட எனக்கு அந்தத் திமிரைக் கொடுக்கவில்லை.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்னால் கூட்டுரோட்டில் நிற்க வேண்டும். கம்பெனி பஸ் எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. ஊரில் அப்போது யார் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது, ஏரிக்கரைப் பக்கம்தான். ஆனால் நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் வயிறே விழித்திருக்காது. அத்தனை தூரம் நடந்து ரோட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வரும். எங்கே போவது? ஒரு பக்கம் வரிசையாக லாரிகள், அதில் தூங்கி எழுந்து பல் விளக்கிக்கொண்டு நிற்கும் டிரைவர்கள், கிளீனர்கள். இன்னொரு பக்கம் முள்வேலி. கம்பெனிக்குள் போனாலும் டீ பிரேக் வரைக்கும் லைனை விட்டு நகரக் கூடாது. அடக்கிக்கொண்டு நிற்பதைத்தான் முதலில் கற்றுக்கொண்டோம். வயர் மாட்டுவதெல்லாம் அப்புறம்.

அவசரம் தாங்காமல் லாரிக்குப் பின்னால் போனவர்களும் உண்டு. ஒருத்தி போய் உட்கார்ந்த சமயத்தில் கிளீனர் ஒருவன் வேண்டுமென்றே ஹெட்லைட்டைப் போட்டான். அவள் அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பி நடந்தவள்தான், அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். என்னைவிட வேகமாக வயர் கட்டுவாள். எனக்கு இன்றைக்கும் அந்த கிளீனர் மேல் ஆத்திரம் அடங்கவில்லை.

கூட்டுரோட்டில் ஒரே ஒரு நாஷ்டாக் கடை இருந்தது. கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு. நடத்தியவர் புருஷன் இல்லாத ஒரு அம்மா. நெற்றி வெறுமையாக இருக்கும், மூக்கு காது எதிலும் ஒன்றும் கிடையாது. குரல் மட்டும் நெடுஞ்சாலையில் போகிற லாரிக்கும் கேட்கும். நாங்கள் அவரை நாஷ்டா அம்மா என்றுதான் கூப்பிடுவோம். இட்லியும் வடகறியும் போடுவார். சாப்பிட உட்கார்ந்தால் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் வைப்பார். நாங்கள் இட்லியைத் தின்றுவிட்டு, தண்ணீரை ஒரு மடக்கு வாயில் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு, டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவோம்.

ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை. கரண்டியோடு வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"இன்னாங்கடி, என் தண்ணியில எலி கிலி செத்துக் கெடக்குதா? எல்லாத்தையும் துன்றீங்க. தண்ணிய மட்டும் அப்பிடியே வச்சிட்டுப் போய்க்கினே இருக்கீங்க."

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அன்றைக்கு நீர்க்கடுப்பு வேறு, உயிர் போய்க்கொண்டிருந்தது.

"குடிச்சா வரும்மா. வந்தா எங்க போறது? ஒங்க கல்லாப்பெட்டிக்குப் பின்னாலயா?" என்றேன்.

கரண்டியால் ஒன்று விழப்போகிறது என்று நினைத்தேன். விழவில்லை. என்னைப் பார்த்தார், அப்புறம் எல்லா டம்ளரையும் பார்த்தார். இத்தனை நாளாக நிரம்பியபடியே திரும்பி வந்த டம்ளர்கள். உள்ளே போய்விட்டார். பஸ் வந்துவிட்டது, நாங்களும் ஏறிப் போய்விட்டோம்.

கடைக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, புருஷன் விட்டுப் போனது. லாரி நிறுத்த வாடகைக்குக் கேட்டார்கள், சாராயக்கடை வைக்கவும் கேட்டார்கள். யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். நான் வாயாடியதற்கு அப்புறம் கொஞ்ச நாளில் அங்கே சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தது. மேஸ்திரி ஒருவர் குழி வெட்டிக்கொண்டிருந்தார். முன்பக்கம் பஸ்ஸுக்கு நிற்க ஒரு ஷெட்டு, பின்பக்கம் பெண்களுக்கு மட்டும் கக்கூஸ். ஷெட்டைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். ரோட்டிலிருந்து பார்த்தால் கதவு தெரியாது. அதெல்லாம் அவரே நின்று சொல்லிச் சொல்லிக் கட்டியது.

மேஸ்திரிக்கு மனசு ஆறவில்லை. "ரோட்டோரத்துல இந்த மாதிரி எடம் யாருக்கும்மா கெடைக்கும்? இதுல போயி கக்கூஸ் கட்றியே," என்றார்.

"நைனா, ஒனக்கு மரத்தடி கீது, செவுரு கீது. அதுங்களுக்கு இன்னா கீது? பேசாம கட்டு," என்றார் அம்மா.

கட்டி முடித்த அன்று என்னைத்தான் முதலில் உள்ளே போகச் சொன்னார். போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே நின்று கதவை உதைத்தார் பாருங்கள், நான் உள்ளே துள்ளிவிட்டேன். மறுபடி ஒரு உதை. தாழ்ப்பாள் அசையவில்லை. "சரி, நிம்மதியா ஒக்காரு," என்று சொல்லிவிட்டு அடுத்த கதவை உதைக்கப் போய்விட்டார். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது.

அதற்கப்புறம் வந்த வருடங்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எனக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகம்கூட அவ்வளவு இல்லை. அந்த ஷெட்டுதான் ஞாபகம். பினாயில் வாசனையும் இட்லி வேகிற வாசனையும் கலந்து வரும். கேட்பவர்களுக்கு அருவருப்பாக இருக்கலாம், எங்களுக்கு அது விடியற்காலையின் வாசனை. கதவுக்கு வெளியே அம்மா ஒரு கண்ணாடி மாட்டி வைத்திருந்தார். அது எதற்கு என்று கேட்டதற்கு, "மூஞ்சப் பாத்துக்கினு போங்கடி. தூங்குமூஞ்சியோடவா கம்பெனிக்குப் போவீங்க?" என்றார். அதில் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்வோம், ஒருத்திக்கு ஒருத்தி பின்னல் போட்டு விடுவோம். ஊக்கு வேண்டுமென்றால் ஷெட்டில் கேட்டால் கிடைக்கும், முதல்நாள் வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைப் பற்றியும் அங்கேதான் முழுக்கதை கிடைக்கும். தூரம் ஆனவர்களுக்கென்று பழைய வெள்ளைத் துணியைத் துவைத்து, காயவைத்து, கிழித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார். கேட்க வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் ஊற்றாமல் வந்துவிட்டால்தான் தீர்ந்தது. "எந்த மகாராணிடி இப்ப போய்ட்டு வந்தது? திரும்பிப் போய் ஊத்திட்டு வா. இல்லன்னா நாளைக்கி ஒனக்கு நாஷ்டா கெடையாது," என்று பஸ் டிரைவர் காதிலும் விழுகிற மாதிரி கத்துவார். மானம் போய்விடும். அவமானத்துக்குப் பயந்தே அந்த இடம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. யாரிடமும் அவர் ஒன்றும் வாங்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு பிரசவத்துக்கும் எட்டு மாதம் வரை நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போனேன் என்றால் அது அந்த ஷெட்டு இருந்ததால்தான். என்னோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை, லைன் சூப்பர்வைசர் ஆனேன். நாஷ்டா அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. ஒருநாள் கடையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட, செவ்வாப்பேட்டையில் இருந்த மகன் வந்து தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கடை மூடிவிட்டது. ஷெட்டை மட்டும் நாங்கள் முறை போட்டுக் கழுவி வைத்திருந்தோம்.

பிறகுதான் ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். அம்மாவுக்குப் பதிலாக மகனே கையெழுத்துப் போட்டு இடத்தைக் கொடுத்துவிட்டார். கடை இருந்த இடம், ஷெட்டு, பின்னால் இருந்த அறைகள், எல்லாவற்றையும் மஞ்சள் மிஷின் ஒரே காலையில் வாரிக்கொண்டு போனது. நாங்கள் ஷிப்ட் முடிந்து வந்து இறங்கியபோது கண்ணாடி மாட்டிய சுவர்கூட இல்லை. ரோட்டுக்கு எடுத்தது போகப் பின்னால், அறைகள் இருந்த பக்கம், ஒரு துண்டு நிலம் மிஞ்சியது. புதிதாக இரும்பில் ஒரு நிழற்குடை வைத்தார்கள், விளம்பரப் பலகையோடு. கக்கூஸ் வைக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தானோ என்னவோ, ஊராட்சித் தலைவர் முன்னால் நின்று இந்தக் கல்லை வைத்தார். இடத்தைக் கொடுத்த அம்மாவுக்கு ஒரு மரியாதை செய்யணுமில்லையா என்றார். நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. கல் திறப்பு விழாவுக்கு அம்மாவால் வரமுடியவில்லை. மகன் மட்டும் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

கல்லில் முகம் பொளிந்தவர் அம்மாவைப் பார்த்ததில்லை, ஒரு பழைய போட்டோவைத்தான் பார்த்தார். பொம்பளை முகம் வெறும் நெற்றியோடு இருந்தால் நன்றாயிருக்காது என்று அவராகவே வட்டப் பொட்டு வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் மூக்குத்தி, காதில் தோடு, தலைக்குப் பின்னால் பிரபை மாதிரி ஒரு வளைவு. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. முதலில் யாரோ ஒரு சொட்டு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். அப்புறம் வேப்பிலை. அப்புறம் இடுப்பில் சிவப்புத் துணி. ஆந்திரா போகிற லாரிக்காரர்கள் இறங்கிக் கற்பூரம் ஏற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் ஒரு சூலம் முளைத்துவிட்டது.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டது ஒரு பூக்காரம்மா. ரோடு போட்ட பிறகு ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். வந்த புதிதில் அவள் மகனுக்கு மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கைவிரித்த நிலைமையில் இந்தக் கல்லுக்கு முன்னால் விளக்கு வைத்து அழுதிருக்கிறாள். மகன் பிழைத்துவிட்டான். அதிலிருந்து அவளுக்கு இது கல் இல்லை. தினமும் குளிப்பாட்டி, பூ வைத்து, சாம்பிராணி போடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பெற்ற வயிறு.

என் பிரச்சனை வேறு. இப்போது வீட்டுக்கு வீடு கக்கூஸ் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பெண்கள் எங்கெங்கிருந்தோ ஷேர் ஆட்டோ பிடித்துக் கூட்டுரோட்டுக்கு வந்து, அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். பஸ் இப்போதும் அதன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. என் லைனில் வேலை செய்யும் பெண்கள் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து, அதே தண்ணீரை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவதைப் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்து மறுபடியும் அதே டம்ளர். எனக்கே சர்க்கரை வந்துவிட்டது, என்னாலேயே அடக்க முடியவில்லை.

தலைவரிடம் போனேன். ஒருதடவை இல்லை, அவர் என்னைப் பார்த்தால் வேறு வழியாகப் போகிற அளவுக்குப் போனேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். கட்டுவதற்கு இடம் என்று பார்த்தால் அந்த மிஞ்சிய துண்டு நிலம்தான், கல்லுக்கு நேர் பின்னால். பூக்காரம்மா சும்மா இருப்பாளா?

"சாமிக்குப் பின்னால கக்கூஸா? நாக்கு அழுவிப் பூடும்," என்று கல்லுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவளோடு இன்னும் பத்துப் பேர்.

"அது சாமி இல்ல. அந்தம்மா உயிரோட செவ்வாப்பேட்டையில கீறாங்க," என்றேன்.

"சாமி எங்க வேணா இருக்கும்," என்றாள்.

தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேணாம்மா, சாமி விஷயம். தொட்டா பேஜாரு," என்றார். அத்தோடு முடிந்துவிட்டது. கக்கூஸ் கட்டிய அம்மாவுக்கு மரியாதை செய்து வைத்த கல்தான் கக்கூஸ் வராமல் தடுத்தது. யாரிடம் போய் இதைச் சொல்லி அழ?

அம்மாவிடம்தான் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பேசின்பிரிட்ஜ் போய், அங்கே திருவள்ளூர் வண்டிக்கு மாறி, செவ்வாப்பேட்டையில் இறங்கினேன். மகன் வீடு மாடியில். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றிவிட்டது, குரல் வற்றவில்லை. என்னைப் பார்த்ததும், "இன்னாடி, கெய்வி ஆய்ட்டியே," என்றார். பழைய பெண்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் அடையாளம் சொல்லி விசாரித்தார். பல் எடுப்பாக இருந்தவள், பாட்டுப் பாடுகிறவள், எப்போதும் பஸ்ஸைத் தவறவிடுகிறவள். பேசிக்கொண்டே வந்தவர், "ஷெட்டு நல்லாக் கீதா?" என்று கேட்டார்.

மகன் அவரிடம் கல் வைத்ததைச் சொல்லியிருந்தார், இடித்ததைச் சொல்லவில்லை. நான் சொன்னேன். மறைக்கவா அவ்வளவு தூரம் போனேன்? எல்லாவற்றையும் சொன்னேன், சூலம் வரைக்கும்.

"ரூம்ப ஒடச்சிட்டு கல்ல வச்சானுங்களா?" என்றார் அம்மா. "என்ன இட்டுக்கினு போ. நான் பேசறேன்."

ஆடி மாதம் கல்லுக்குக் கூழ் ஊற்றுவதாகப் பூக்காரம்மா ஏற்பாடு செய்திருந்தாள். பந்தல், ரேடியோ செட்டு, வேப்பிலைத் தோரணம். அந்த நாளில் அம்மாவே வருகிறார் என்று தலைவருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் அதை ஒரு பாராட்டு விழாவாகவே மாற்றிவிட்டார். மேடை, மைக், நாற்காலி எல்லாம் வந்தது. என் கணக்கு வேறு. அம்மா மைக்கைப் பிடித்து ஒரு சத்தம் போட்டால் போதும், யார் மறுத்துப் பேசுவார்கள்? வரும் வழியிலேயே காரில் அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாராம், யாரை எப்படித் திட்டுவது என்று.

கார் சோழவரம் தாண்டி டோல்கேட்டில் மாட்டிக்கொண்டு நேரமாகிவிட்டது. வந்து இறங்கியதும் கூட்டம் சூழ்ந்துவிட்டது. என் பழைய கூட்டாளிகளில் பாதிப் பேர் பேரன் பேத்திகளோடு வந்திருந்தார்கள். பூக்காரம்மா தட்டுத் தடுமாறி ஓடிவந்து அம்மாவின் காலில் விழுந்தாள். முகத்தைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தது. இருந்தாலும் முதல் சொம்புக் கூழை அம்மாவுக்குத்தான் கொடுத்தாள். சாமிக்குப் படைத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அம்மா முழுச் சொம்பையும் குடித்தார். அடுத்து மோர் வந்தது, அதையும் குடித்தார்.

மேடையில் ஆளாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர், வியாபாரிகள், லாரி ஓனர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அம்மாவின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. அதற்கப்புறம் தலைவர் பேச ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கருணை என்றார், தியாகம் என்றார், அந்தக் காலம் என்றார். கீழே நின்றிருந்த என்னை அம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டார். போய்க் காதைக் கொடுத்தேன்.

"ஏய், வருதுடி," என்றார்.

மகனைக் கூப்பிட்டேன். பெட்ரோல் பங்குக்குப் போகலாம் என்றார் மகன். அது எதிர்ப்பக்கம், பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வரவேண்டும். "அதுக்குள்ள இங்கியே போய்டும்," என்றார் அம்மா. அவர் முகத்தில் நான் பார்த்தது பயம். கதவை உதைத்துப் பார்த்த அந்த அம்மாவின் முகத்தில் பயம்.

நானும் இன்னொருத்தியும் கைத்தாங்கலாக இறக்கி, கல்லுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே முள்ளும் மண்ணும்தான். பத்தடி தள்ளி வரிசையாக லாரிகள். டிரைவர்கள் கூழ் வாங்கிக் குடித்துக்கொண்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் மேலிருந்த பொன்னாடைகளை நான் உருவினேன். என் லைன் பெண்கள் சொல்லாமலே ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுற்றிலும் மறைத்தோம். ஜரிகை போட்ட வழுக்குத் துணி, லாரி போகிற காற்றில் ஒரு பக்கம் பறந்துகொண்டே இருந்தது. ரோட்டைப் பார்த்த பக்கம்தான் அது. பிடிக்க ஆள் இல்லை.

பூக்காரம்மா வேகமாக வருவதைப் பார்த்தேன். சாமிக்குப் பின்னால் இது நடப்பதைத் தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வந்தவள் நின்றாள். கல்லின் முதுகைப் பிடித்துக்கொண்டு, முட்டியை மடக்க முடியாமல், இரண்டு பெண்களின் கையில் தொங்கிக்கொண்டிருந்த அந்த உடம்பைப் பார்த்தாள். பறந்துகொண்டிருந்த முனையைத் தாவிப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பி, "இன்னாத்தடா பாக்கறீங்க? அந்தாண்ட திரும்புங்கடா," என்று போட்ட சத்தத்தில் டிரைவர்கள் அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

அம்மாவுக்கு எழுந்து நிற்க நேரம் பிடித்தது. புடவையைச் சரிசெய்து விட்டேன். முகத்தைப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"எந்தப் பொண்ணும் லாரிக்காரன் பாக்க ரோட்ல ஒக்காரக் கூடாதுன்னுதான்டி கட்னேன்," என்றார். "இந்த வயசுல என்னியே ஒக்கார வச்சிட்டானுங்களே."

மேடையில் தலைவர் பேச்சை முடித்துவிட்டு, அன்னை அவர்கள் இப்போது உரையாற்றுவார்கள் என்று மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பூக்காரம்மா துணியை என் கையில் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனாள். கல்லுக்கு ஊற்ற வைத்திருந்த மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குனிந்து அம்மாவின் காலில் ஊற்றி, கையால் தேய்த்துக் கழுவினாள். மீதியைத் தரையில் ஊற்றினாள்.

"அந்த ரூம்பு எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"இங்கதான்," என்றார் அம்மா. "இப்ப ஒக்காந்தன்ல, இதே எடந்தான்."

பூக்காரம்மா குடத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தாள். தலைவருக்குப் பக்கத்தில் போய் நின்று அவள் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

"மேஸ்திரிய வரச்சொல்லு நைனா. எங்க கட்டணும்னு சாமியே எடம் காட்டிட்டாங்க."